‘சரி சார்’ என்றால் சரியா?

சென்னையை ஒட்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வேலை. நம்ம ஆள் கல்லூரி முடித்து மூன்றே மாதம் ஆன ஜூனியர் இன்ஜினீயர். தலையில் ஹெல்மெட், கையில் சுருட்டிய டிராயிங். எதிரே பீகாரிலிருந்து வந்த கம்பி கட்டும் தொழிலாளி. டிராயிங்கை விரித்து, விரலால் தொட்டுத் தொட்டு, கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ், நிறைய கை ஜாடை என்று ஐந்து நிமிஷம் விளக்குகிறார் நம்ம ஆள். கடைசியில் எல்லாரும் கேட்கிற மாதிரியே கேட்கிறார்: "சரியா?"

தொழிலாளி வேகமாகத் தலையாட்டிவிட்டு ஓடுகிறார். இரண்டே நிமிஷம். தோளில் நாலு கம்பியோடு திரும்பி வருகிறார்!

ஏன் தெரியுமா? இந்தியில் ‘சரியா’ என்றால் கம்பி.

என்னிடம் படித்துவிட்டு இப்போது சைட்டில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் போனில் சொன்ன கதை இது. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த பீகார் தொழிலாளியாவது கம்பியோடு வந்து நின்று, தனக்குப் புரியலை என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டார். தமிழ் தெரிந்த ஆளாக இருந்தால் என்ன செய்திருப்பார்? "சரி சார்" என்று சொல்லிவிட்டு, தனக்குப் புரிந்தபடி வேலையைப் பார்த்திருப்பார். தப்பு கான்கிரீட்டுக்குள்ளே போய் ஒளிந்திருக்கும்.

அப்படி ஒளிந்த ஒரு தப்பில் எனக்கும் பங்கு உண்டு. இன்னிக்கு அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

*டீக்கடை பன் நடத்திய பாடம்*

என் முதல் வேலை. திருச்சிக்குப் பக்கத்தில் இரண்டு மாடி வீடு. முன்பக்கம் ஜன்னலுக்கு மேலே இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட். சிவில் படிக்கிறவங்களுக்குத் தெரியும், இது கேண்டிலீவர். ஒரு பக்கம் சுவரோடு பிடிப்பு, மறுபக்கம் அந்தரத்தில். இதில் மெயின் கம்பி மேல்பக்கம் வரணும். செகண்ட் இயர் பாடம். பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியவன் நான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அண்ணே, கம்பி மேலே வரணும்" என்றேன்.

"சரி சார்" என்றார்.

அவரும் மேலேதான் கட்டினார். நானும் பார்த்து டிக் அடித்தேன். மறுநாள் கான்கிரீட். நான் கீழே சிமென்ட் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மேலே கான்கிரீட் சட்டி சுமந்தவர்கள் அந்தக் கம்பி மேலேயே கால் வைத்து நடந்திருக்கிறார்கள். கம்பியைத் தாங்கிப் பிடிக்க நாற்காலி மாதிரி வளைத்து வைக்கிற ‘சேர்’ கம்பி ஒன்றுகூட அங்கே இல்லை. வைக்கச் சொல்லணும் என்று எனக்கும் தோணலை. மிதிக்க மிதிக்க, மேலே இருந்த கம்பி கீழே போய்ப் படுத்துவிட்டது. அதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டி, மட்டப்பலகையால் அழகாக இழுத்துவிட்டார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது!

சென்ட்ரிங் பிரித்த அன்றைக்குத் தெரிந்தது. சன்ஷேட் முன்பக்கம் தொங்கியது. சுவரை ஒட்டி, மேல்பக்கம் நீளமாக ஒரு விரிசல். நகம் நுழைகிற அகலம். நல்லவேளை, கீழே யாரும் நிற்கவில்லை. உடைத்துப் பார்த்தால் கம்பி எல்லாம் அடியில் கிடக்கிறது.

கான்ட்ராக்டர் மேஸ்திரிக்கு மூன்று நாள் கூலியைப் பிடித்துவிட்டார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் சிமென்ட் மூட்டையைப் பார்த்தேன்.

சாயங்காலம் டீக்கடையில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன் தம்பி, அது மேலேதான் இருக்கணுமா? கீழே இருந்தா என்ன ஆகும்?"

பதினைந்து வருஷமாக மேஸ்திரி. இதை அவருக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்கு பெண்டிங் மொமென்ட் வரைபடம் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. தடுமாறிக்கொண்டே கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பன்னை எடுத்தேன். ஒரு நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு நுனியைக் கீழே அழுத்தினேன். பன்னின் மேல்பக்கம் பிளந்தது.

"எங்கே பிளக்குது பாருங்கண்ணே. கான்கிரீட் அழுத்தினா தாங்கும், இழுத்தா தாங்காது. பிளக்கிற இடத்துல இழுத்துப் பிடிக்கத்தான் கம்பி. சன்ஷேடு மேலேதான் பிளக்கும். அதனால கம்பியும் மேலே இருக்கணும்."

அவர் பன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "இதை முன்னாடியே சொல்லியிருந்தா, ஒரு பயலை அதுமேல கால் வைக்க விட்டிருப்பேனா?"

அவ்வளவுதாங்க. ‘என்ன செய்யணும்’ என்று சொன்ன நான், ‘ஏன்’ என்று சொல்லவில்லை. என்னவென்று மட்டும் தெரிந்தவர், சொன்ன வேலையைச் செய்வார். ஏன் என்று தெரிந்தவர், நாம் சொல்ல மறந்ததையும் சேர்த்துச் செய்வார்.

*ஒரு கயிறு, இரண்டு பேர்*

"சார், சின்ன சைட், சின்னத் தப்பு. பெரிய கம்பெனியில் இதெல்லாம் நடக்காது" என்று நினைக்கிறீர்களா? வாங்க, அமெரிக்கா போகலாம்.

1981 ஜூலை 17. மிசூரி மாநிலம், கன்சாஸ் சிட்டி. ஹயாத் ரீஜென்சி ஓட்டல் திறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலை, நடன நிகழ்ச்சி. பெரிய முன்கூடத்தில் கூட்டம். தலைக்கு மேலே அந்தரத்தில் தொங்கும் நடைபாலங்கள். இரண்டாவது மாடியில் ஒன்று, அதற்கு நேர் மேலே நாலாவது மாடியில் இன்னொன்று. இரண்டும் கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளில் தொங்குகின்றன. திடீரென்று மேலே இருந்த பாலம் பிடிமானம் விட்டுக் கீழே இருந்த பாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்.

காரணம்? ஒரு நட்டு இருந்த இடம்!

முதலில் போட்ட டிசைனில் கூரையிலிருந்து ஒரே நீளத் தண்டு. அது நாலாவது மாடிப் பாலத்தின் உத்திரத்தைத் துளைத்து, இரண்டாவது மாடிப் பாலம் வரை இறங்கும். இரண்டு பாலங்களும் அதே தண்டில், தனித்தனி நட்டில் உட்காரும். ஆனால் அவ்வளவு நீளத் தண்டில் மரை போட்டு, அது கெடாமல் தூக்கி மாட்டுவது கஷ்டம். அதனால் இரும்பு வேலை எடுத்த நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. ஒரு தண்டுக்குப் பதில் இரண்டு. முதல் தண்டு கூரையிலிருந்து நாலாவது மாடி வரை. இரண்டாவது தண்டு நாலாவது மாடி உத்திரத்திலிருந்து கீழ்ப்பாலம் வரை. பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

இப்படி யோசிச்சுப் பாருங்க. மரக்கிளையில் ஒரு கயிறு. அதில் மேலே நீங்கள், கீழே உங்கள் நண்பர். இருவரும் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். உங்கள் கை உங்கள் எடையைத் தாங்கினால் போதும். இப்போது கயிறு சின்னதாகிவிட்டது. நண்பர் கயிற்றை விட்டுவிட்டு உங்கள் காலைப் பிடித்துத் தொங்குகிறார். கிளைக்கு அதே எடைதான். ஆனால் உங்கள் கைப்பிடிக்கு? இரண்டு மடங்கு!

நாலாவது மாடி உத்திரத்தின் அடியில் இருந்த நட்டுக்கு நடந்தது அதேதான். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு செய்த விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. மாற்றாமல் விட்டிருந்தாலும் அந்த இணைப்பு நகரத்துக் கட்டட விதி கேட்ட பலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும். மாற்றம் அதையும் பாதியாக்கிவிட்டது.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது இதைத்தான். மாற்றத்துக்குப் போனில் கேட்டு அனுமதி வாங்கினோம் என்றது இரும்பு நிறுவனம். அப்படி ஒரு போனே வரவில்லை என்றார்கள் இன்ஜினீயர்கள். ஆனால் மாற்றம் வரையப்பட்ட டிராயிங் இன்ஜினீயர் அலுவலகத்துக்குப் போனது. அங்கே ‘பார்த்தாச்சு’ என்று முத்திரையும் விழுந்தது. அந்த இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டது யார்? யாருமே இல்லை! ‘அவங்க பார்த்திருப்பாங்க’ என்று இவங்க. ‘இவங்க பார்த்திருப்பாங்க’ என்று அவங்க. கடைசியில் பொறுப்பான இன்ஜினீயர்களின் உரிமத்தை மிசூரி மாநிலம் பறித்தது. போன உயிர் திரும்பவில்லை.

அந்த முத்திரையும், நான் அடித்த டிக்கும் ஒரே ஜாதி. இரண்டும் ‘சரி சார்’தான்.

*தந்தி போன ஊர்*

இன்னும் பழைய கதை ஒன்று. கனடாவில் கியூபெக் பாலம், 1907. கட்டும்போதே கீழ்ப்பகுதி இரும்புத் தகடுகள் வளைய ஆரம்பித்தன. சைட்டில் இருந்த இளம் இன்ஜினீயர் அதை அளந்து குறித்து, ஆலோசகரான தியோடர் கூப்பரைப் பார்க்க நியூயார்க்குக்கே ரயில் ஏறிப் போனார். கூப்பர் ஆபத்தைப் புரிந்துகொண்டார். இனி பாலத்தில் எடை ஏற்றாதீர்கள் என்று உடனே தந்தி கொடுத்தார். எங்கே? பாலம் கட்டிக்கொண்டிருந்த கியூபெக்குக்கு இல்லை. இரும்பு நிறுவனத்தின் அலுவலகம் இருந்த பீனிக்ஸ்வில்லுக்கு. அவர்கள் காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அன்று மாலையே, ஆகஸ்ட் 29, பாலம் சரிந்தது. மேலே வேலை செய்துகொண்டிருந்த 75 பேர் செத்துப்போனார்கள்.

செய்தி சரி. நேரமும் ஓரளவு சரி. ஆனால் வேலையை நிறுத்தக்கூடிய கைக்கு அது போய்ச் சேரவில்லை.

இன்றைக்குத் தந்தி இல்லை, வாட்ஸ்அப் இருக்கிறது. திருத்திய டிராயிங்கை குரூப்பில் போட்டதும் நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ப்ளூ டிக் வந்தால் பார்த்தார்கள் என்று அர்த்தம். புரிந்தது என்றா அர்த்தம்? அந்த குரூப்பில் கம்பி கட்டுகிறவர் இருக்கிறாரா? பழைய டிராயிங்கின் பிரின்ட் இன்னும் அவர் சட்டைப்பையில் மடித்துக் கிடக்கிறதே, அதை வாங்கிக் கிழித்துப் போட்டது யார்?

*நம்ம கல்லூரி டீம்வொர்க்*

சரி, இதெல்லாம் பெரியவங்க செய்த தப்பு. நம்ம கதைக்கு வருவோம்.

ஃபைனல் இயர் புராஜெக்ட். ஒரு டீமுக்கு நாலு பேர். ஒருத்தர் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்வார். ஒருத்தர் ஜெராக்ஸ், பைண்டிங் செலவைப் பார்த்துக்கொள்வார். ஒருத்தர் வைவா அன்றைக்கு இன் பண்ணிக்கொண்டு வருவார். நாலாவது ஆள் முதல் பக்கத்தில் தன் பெயரில் ஸ்பெல்லிங் சரியா என்று மட்டும் பார்ப்பார். என்ன, உங்க டீமில் நீங்கள் எத்தனாவது ஆள்?

சர்வே கேம்ப்பிலும் இதே கதை. கருவியைப் பிடிக்கிறவரே பத்து நாளும் பிடிப்பார். ஸ்டாஃப் தூக்குகிறவர் பத்து நாளும் வெயிலில் தூக்கிக்கொண்டே நிற்பார். ரீடிங் எழுதுகிற பெண்ணுக்குக் கையெழுத்து நன்றாக இருப்பதால் கடைசிவரை கருவியைத் தொட வாய்ப்பே வராது. முடிவில் எல்லாருக்கும் ஒரே மார்க்!

‘அதை அவன் பார்த்திருப்பான்’ என்கிற பழக்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்று புரிகிறதா? கன்சாஸ் சிட்டியில் இல்லை. நம் ஹாஸ்டல் ரூமில்.

இதற்கு மாற்று இருக்கிறது. 1971-இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது தினமும் சண்டை. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு வழி செய்தார். பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். ஒரு குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. அதை அந்தப் பிள்ளைதான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும். வேறு வழியில் அது கிடைக்காது. ஆனால் பரீட்சை முழுப் பாடத்திலும் நடக்கும். அப்புறம் என்ன? பக்கத்துப் பிள்ளையைக் கிண்டல் செய்தால் நஷ்டம் நமக்குத்தானே! காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். ‘ஜிக்சா’ முறை என்று இதற்குப் பெயர்.

கட்டுமானப் பாடத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. நான் வகுப்பில் செய்வது இது. ஒரு சின்ன வீட்டின் பிளானை நாலு பேருக்குக் கொடுப்பேன். ஒருவர் டிசைன், ஒருவர் எஸ்டிமேட், ஒருவர் அட்டவணை, ஒருவர் மேஸ்திரி. பாதியில் நான் வீட்டு ஓனராக மாறி, "படிக்கட்டை இந்தப் பக்கம் மாத்திடுங்க" என்பேன். அந்த ஒரு மாற்றம் நாலு பேர் காகிதத்திலும் ஏறியிருந்தால்தான் மார்க். முதல் தடவை பெரும்பாலும் மூன்று காகிதத்தில்தான் ஏறும். நாலாவது காகிதம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? மேஸ்திரியாக நடிப்பவருடையது! அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் நினைவு வராது.

*‘முடியாது’ என்று சொல்ல விடுங்க*

கட்டுமானத் தொழிலும் இந்தப் பாடத்தை மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் கிளென் பல்லார்டு, கிரெக் ஹொவெல் என்ற இருவர் சைட் சைட்டாகப் போய் ஒரு எளிய கணக்கு எடுத்தார்கள். இந்த வாரம் முடிப்போம் என்று எழுதிய வேலைகளில் எத்தனை முடிந்தது? ஏறக்குறைய பாதி! ஏன் என்றால், ஏசி ரூமில் அட்டவணை போடுகிறவர் ஒருவர், வெயிலில் வேலை செய்கிறவர் வேறொருவர். செங்கல் வந்து சேரவில்லை, முந்தைய வேலை முடியவில்லை என்பதெல்லாம் செய்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

அவர்கள் கொண்டுவந்த முறையின் சாரம் இதுதான். வாரத் திட்டத்தை வேலையை நேரில் நடத்துகிற ஃபோர்மேன்கள் சேர்ந்து உட்கார்ந்து போடணும். செய்ய முடிகிறதை மட்டும் ஒப்புக்கொள்ளணும். முடியாததை முடியாது என்று சொல்ல உரிமை வேணும். ‘லாஸ்ட் பிளானர்’ என்று இதைச் சொல்வார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் பல பெரிய சைட்டுகளில் இது நடக்கிறது.

‘முடியாது’ என்று சொல்ல பயப்படுகிற இடத்தில் ‘சரி’ என்ற வார்த்தைக்கு மதிப்பே இல்லை. யோசித்துப் பாருங்கள். உங்கள் வகுப்பில் ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் அறுபது தலையும் ஆடுகிறதே, அதில் எத்தனை தலை நிஜமாக ஆடியது?

*கேள்வியை மாத்துங்க*

அதனால், சைட்டிலும் சரி, வகுப்பிலும் சரி, ‘புரிஞ்சுதா?’, ‘சரியா?’ இந்த இரண்டையும் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, நான் ஒழுங்கா சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. எப்படிச் செய்யப்போறீங்கன்னு ஒருதடவை சொல்லுங்களேன்."

பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். உங்களைவிட இருபது வயது மூத்தவரை ஸ்கூல் பையன் மாதிரி ஒப்பிக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், வரணும். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். எங்கே விட்டுப்போகிறதோ அங்கேதான் நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, அளவு. "வாட்டர் சிமென்ட் ரேஷியோ பார்த்துக்குங்க" என்று மிக்சர் மிஷினில் தண்ணீர் ஊற்றுகிற சித்தாள் அக்காவிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஐ.எஸ். 456:2000 விதிப்படி, எம்20 நாமினல் மிக்ஸில் 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர். அக்காவுக்கு லிட்டர் வேண்டாம். "மூட்டைக்கு இந்த 15 லிட்டர் வாளியில ரெண்டு. மணல் ஈரமா இருந்தா அதுலயும் குறைக்கணும்" என்று வாளியைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். ஏன் என்று கேட்டால், "மாவு நீர்த்துப்போனா இட்லி சப்பையாத்தானே வரும்? இதுவும் அப்படித்தான்" என்று சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள். "கொஞ்சம் தண்ணி விடுக்கா, தள்ள முடியலை" என்று கொத்தனார் கத்தினாலும் அக்கா விடமாட்டார்!

பாஷையும் அப்படித்தான். இன்றைக்குத் தமிழ்நாட்டுச் சைட்டுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம் என்று பல ஊர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள். இலக்கணம் எல்லாம் வேண்டாம், பத்து வார்த்தை போதும். கம்பி சரியா, ஜல்லி கிட்டி, மணல் பாலு, தண்ணீர் பானி, மேலே ஊப்பர், கீழே நீச்சே. கலவைக்கு என்ன தெரியுமா? மசாலா! அவர்களுக்கும் நம்ம பத்து வார்த்தையைச் சொல்லிக்கொடுங்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர் காதில் விழுகிற ஒரு தெரிந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பது, ஹாஸ்டலில் முதல் வாரம் அழுதவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். லாரி பேக்கர் தெரியுமில்லையா? இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தை வீடாக்கிக்கொண்டு, 2007-இல் மறைந்த கட்டடக்கலைஞர். கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் படம் வரைவார், சைட்டில் கொத்தனாரோடு நின்று வேலையைப் பார்ப்பார். செங்கலைக் குத்தவைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் ‘ரேட் டிராப்’ சுவரை நம் பக்கம் பரப்பியவர் அவர். செங்கலில் ஏறத்தாழ கால்வாசி மிச்சம். அதை டிராயிங்கில் மட்டும் காட்டிவிட்டு ஆபீசுக்குப் போயிருந்தால் எந்தக் கொத்தனாரும் கட்டியிருக்க மாட்டார். நாலு வரிசை கூடவே நின்று கட்டினால்தான் கைக்கு வரும்.

*இந்த வாரம் செஞ்சு பாருங்க*

சிவில், ஆர்க்கிடெக்சர் படிக்கிறவங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்தான்.

1. முதுகோடு முதுகாக இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் கையில் ஒரு படம். அவர் வாயால் சொல்ல, மற்றவர் வரையணும். முதல் தடவை வரைபவர் கேள்வியே கேட்கக் கூடாது. இரண்டாவது தடவை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்விக்கு என்ன விலை என்று தெரியும்.

2. உங்கள் பாடத்தில் ஒரு விஷயத்தை எடுத்து, ஃபார்முலா இல்லாமல், சமையலறையில் இருக்கும் ஒரு பொருளை வைத்து உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள். பிறகு அதை அவர் உங்களுக்குத் திருப்பிச் சொல்லட்டும். ‘நல்லா சொன்னடா’ என்று மட்டும் சொன்னால் நீங்கள் ஃபெயில்!

3. அடுத்த குரூப் வேலையில் ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் வைவாவில் உங்கள் பகுதியை நண்பர் பேசணும், நண்பர் பகுதியை நீங்கள் பேசணும்.

4. உங்கள் தெருவில் வீடு கட்டுகிறார்களா? அனுமதி கேட்டு, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், டீ நேரத்தில் மேஸ்திரியிடம் பேசுங்கள். "இன்ஜினீயருங்க உங்ககிட்ட எதைச் சரியா சொல்றதில்லை அண்ணே?" என்று கேளுங்கள். நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் போதாது.

முடிக்கும் முன் ஒன்று. அந்தத் திருச்சி மேஸ்திரி மறுபடி சன்ஷேட் போட்ட அன்றைக்கு நான் மேலே நின்றேன். சேர் கம்பி வைத்து, கம்பிக்கு மேலே படாமல் பலகை போட்டு, அதில்தான் ஆள் நடந்தது. ஒரு பையன் பலகையை விட்டுக் கால் வைக்கப் போனான். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி கத்தினார்: "டேய், மிதிக்காதே! பன்னு பொளந்துக்கும்டா!"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு, உள்ளங்கையை நீட்டி வளைத்துக் காட்டி, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்.

அந்த மூன்று நாள் கூலி? அதைப் பற்றி கான்ட்ராக்டரிடம் நான் அன்றைக்கும் பேசவில்லை. ‘தப்பு என்னுடையதும்தான்’ என்று சொல்ல ஒரு வரி போதும். அது வரவில்லை. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்கிறேன், அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம்.

நீங்களாவது அன்றன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

என்ன... சரியா? ஐயோ, கேட்கக் கூடாது இல்லையா! என்ன புரிந்தது என்று உங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.